பட்டாளத்துக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்

"பட்டாளத்தில் சேர்த்துவிடுங்கள், தானாகத் திருந்திவிடுவான்." ஜொகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன் வழி தவறிப் போகிறான் என்று தெரிந்ததும், யாராவது ஒரு மாமா இதைச் சொல்லிவிடுவார். சில காலம் கழித்து அந்தப் பையனே அதைத் தனக்குள் சொல்லிக்கொள்ளத் தொடங்குவான். எஸ்.பி.எம். தேர்வைக் கோட்டை விட்டிருப்பான். பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி மாற்றி ஃபேக்டரி வேலை பார்த்திருப்பான். கூட்டாளிகளோடு சுற்றி ஒரு ராத்திரி லாக்கப்பிலும் இருந்திருப்பான். இருபத்திரண்டு வயதில், "இனிமேல் எனக்கு இருப்பது ஆர்மி ஒன்றுதான்" என்று முடிவு செய்வான். இந்த அத்தியாயம் அவனுக்காகவும், அதே நிலையில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் எழுதப்படுகிறது.

அந்த முடிவு நல்ல முடிவாக இருக்கலாம். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மலேசிய ஆயுதப்படை யாரையும் திருத்துவதற்காக ஆள் எடுப்பதில்லை. அது விண்ணப்பத்தைப் பார்க்கும், உடம்பைச் சோதிக்கும், சிறுநீரைச் சோதிக்கும், போலீஸ் பதிவைப் பார்க்கும், தேறியவர்களை எடுத்துக்கொள்ளும். நீங்கள் திருந்தும் காலம் சீருடை போட்ட பிறகு வருவதில்லை. விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுதான் அந்தக் காலம். அந்த ஓராண்டை எப்படிக் கழிப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி.

எதிலிருந்து ஓடுகிறீர்கள்?

ராணுவத்தில் சேரும் எண்ணம் எந்த நாளில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். காதலி விட்டுப்போன வாரத்திலா? அப்பா கை ஓங்கிய ராத்திரியிலா? வட்டிக்குக் கொடுத்த அலோங் ஆட்கள் வீட்டு கேட்டில் சிவப்பு பெயிண்ட் ஊற்றிய மறுநாளா? அப்படி வந்திருந்தால் மூன்று மாதம் பொறுங்கள். எண்ணம் தவறு என்று இதற்குப் பொருளில்லை. அவசரத்தில் எடுத்த முடிவு பயிற்சி முகாமின் இரண்டாவது வாரத்தில் கரைந்துவிடும். அதிகாலையில் எழுப்பி, மழையில் ஓடவிட்டு, பூட்ஸைத் துடைத்தது போதாது என்று மறுபடி துடைக்கச் சொல்லும்போது, "நான் ஏன் இங்கே வந்தேன்" என்ற கேள்வி எல்லாருக்கும் வரும். "அங்கிருந்து தப்பிக்க வந்தேன்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லாதவன், அங்கிருந்தும் தப்பிக்கத்தான் பார்ப்பான்.

மூன்று மாதம் கழித்தும் எண்ணம் மாறாமல் இருந்தால், என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். "வண்டி ரிப்பேர் தொழிலை முறையாகக் கற்க வேண்டும்", "அம்மாவுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்ப வேண்டும்", "கடலில் வேலை செய்ய வேண்டும்" என்பதுபோல நோக்கிப் போகிற காரணமாக இருக்கட்டும். இப்படி ஒரு காரணமாவது எழுத முடியாதவர்கள் இன்னும் கொஞ்ச காலம் வெளியிலேயே இருப்பது நல்லது.

கும்பல் பின்னால் வருகிறது, முகாமுக்குள் போனால் தொடமாட்டார்கள் என்று நினைத்துச் சேருவோரும் உண்டு. உங்களைத் தொடமாட்டார்கள்தான். உங்கள் அம்மா இன்னும் அதே தாமானில்தான் இருப்பார். அந்தக் கணக்கை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜொகூர்க்காரருக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பேராக்கிலோ கெடாவிலோ இருக்கும் பையனுக்கு ராணுவச் சம்பளம் நல்ல சம்பளமாகத் தெரியும். ஜொகூர் பாருவில் இருப்பவனுக்கு அப்படித் தெரியாது. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் வரிசை பிடிக்கும் கூட்டாளி, அங்கே வாங்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் இங்கே மூன்று வெள்ளிக்கு மேல் எண்ணுகிறான். சிங்கப்பூரின் துணைப்போலீஸ் நிறுவனங்கள் மலேசியர்களை எடுக்கின்றன; அங்கும் சீருடை உண்டு. "ஆர்மியில் போய்ச் சிரமப்படுவதைவிட இது மேல்" என்று அவன் சொல்வான். மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்தால் அவன் சொல்வது சரி.

ஆனால் அந்தக் கணக்கில் சில வரிகள் விடுபட்டிருக்கின்றன. சிங்கப்பூரில் நிரந்தரவாசம் இல்லாமல் வேலை அனுமதியில் இருக்கும் மலேசியருக்கு அங்கே சி.பி.எஃப். சேமிப்பு கிடையாது. இங்கே ஈ.பி.எஃப். கணக்கில் தாமாகவே போட்டால்தான் உண்டு, போடுகிறவர்கள் குறைவு. அனுமதி புதுப்பிக்கப்படாவிட்டால் மறுமாதமே வெறுங்கை. வழி தவறிய ஆண்டுகளைக் கடந்து வந்தவனுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கையில் திடீரென்று நிறையப் பணம், நாளுக்கு நான்கைந்து மணி நேரத் தூக்கம், பழைய கூட்டாளிகள் அதே ஊரில். இந்த மூன்றும் சேரும் இடத்தில் பழைய பழக்கம் திரும்பி வருவது எளிது. பணம் முதன்மை என்றால் பாலத்தைக் கடந்து போங்கள், அதில் தவறில்லை. ஒழுங்கும் இடமாற்றமும் முதன்மை என்றால் ராணுவத்தைத் தீவிரமாக யோசியுங்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் குழம்பாதீர்கள்.

பழைய கணக்குகள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். பலரும் தோற்பது ஓட்டத்திலோ மருத்துவச் சோதனையிலோ இல்லை, இங்கேதான்.

கோர்ட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் வழக்கு எப்படி முடிந்தது என்றே சரியாகத் தெரியாது. "லாயர் பேசினார், விட்டுவிட்டார்கள்" என்பார்கள். விட்டதில் பல வகை இருக்கின்றன. முழு விடுதலை ஒன்று. டி.என்.ஏ.ஏ. என்று சுருக்கிச் சொல்லும் விடுவிப்பு இன்னொன்று; அதில் நீங்கள் குற்றமற்றவர் என்று தீர்ப்பாகவில்லை, அரசுத்தரப்பு நினைத்தால் மறுபடி வழக்கைத் தொடங்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவின்கீழ், குற்றத்தீர்ப்பைப் பதியாமலே நன்னடத்தைப் பிணையில் விடுவிப்பார்கள். 294-ஆம் பிரிவின்கீழும் பிணையில்தான் விடுவார்கள். ஆனால் அங்கே குற்றத்தீர்ப்பு பதிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற அளவில் எல்லாம் ஒன்றுதான். விண்ணப்பத்தில் "குற்றப்பதிவு உண்டா" என்ற கேள்விக்குப் பதில் எழுதும்போது ஒவ்வொன்றும் வேறு.

ஆகவே வழக்கு நடந்த கோர்ட்டின் பதிவகத்துக்குப் போய், வழக்கு எண்ணைச் சொல்லி, முடிவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருப்பது புரியாவிட்டால் ஜொகூர் பாருவில் உள்ள அரசாங்கச் சட்ட உதவித்துறை அலுவலகத்தில் கேட்கலாம். புதிதாகப் பிடிபட்டு, வழக்குக்கு வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு 2011-இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையை எழுதுங்கள். பாதுகாப்புப் பின்னணிச் சோதனை நடக்கும். மறைத்து எழுதியது பிறகு தெரியவந்தால், சிறு தவறுக்காகப் போயிருக்க வேண்டாத வாய்ப்பு பொய்க்காகப் போய்விடும். குற்றத்தீர்ப்பு பதிவானவர்களுக்கு ராணுவக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். அதை மழுப்பிச் சொல்வது உங்களுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

போதைப்பொருள் அடுத்தது. கஞ்சாவோ சியாபுவோ, சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தால் அன்றே முடிந்தது. தொடர்ந்து கஞ்சா இழுத்தவர்களின் சிறுநீரில் அது வாரக்கணக்கில் தங்கும்; எலுமிச்சைச் சாறும் சந்தையில் விற்கும் மருந்துகளும் அதைக் கழுவிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. 1952-ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தின்கீழ் உட்கொண்ட குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கு, அபராதத்தோடோ சிறையோடோ முடிவதில்லை. இரண்டு முதல் மூன்று ஆண்டுவரை கண்காணிப்பும் உண்டு. அந்தக் காலம் முடியும்வரை விண்ணப்பத்தைப் பற்றி நினைக்க வேண்டாம். பிடிபடவில்லை, ஆனால் பழக்கம் இருக்கிறது என்றால், தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே.யின் மாவட்ட அலுவலகத்துக்குத் தாமாகவே போய்ச் சிகிச்சை கேட்கலாம். "போனால் பெயர் பதிந்துவிடுவார்களே" என்று பயப்படுகிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் பழக்கத்தோடு இருக்கும் ஒருவன் ராணுவத்தில் சேருவதைவிட உயிரோடும் தெளிவோடும் முப்பது வயதைப் பார்ப்பது பெரிது. முதலில் அதைக் கவனியுங்கள்.

பச்சை. உடம்பில் பச்சை குத்தியிருந்தால் தேர்வில் நிராகரிப்பதே வழக்கம். கும்பல் எண் என்றால் கேட்கவே வேண்டாம். 2013-ஆம் ஆண்டு உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று பட்டியலிட்டு அறிவித்தது. பதினாறு வயதில் கூட்டாளி வீட்டில் வைத்துக் குத்திக்கொண்ட இரண்டு இலக்கம், இன்று எந்த அரசாங்க வேலைக்குப் போனாலும் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும். லேசர் முறையில் அழிப்பதற்குப் பணமும் பல மாதங்களும் ஆகும், தழும்பும் நிற்கலாம். ராணுவம் கிடைக்கிறதோ இல்லையோ, அந்த எண்ணை அழித்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து.

கடனையும் முடிக்க வேண்டும். மோட்டார் தவணை, கைப்பேசித் தவணை, கட்டாத சம்மன், பெயரைக் கொடுத்து அடுத்தவனுக்கு எடுத்துக்கொடுத்த லோன், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பேங்க் நெகாராவின்கீழ் 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. நிறுவனத்துக்கு ஜொகூர் பாருவிலும் கிளை உண்டு. கட்டணம் வாங்காமல் தவணைகளைச் சீர்செய்து கொடுப்பார்கள். அலோங் கடன் அவர்கள் கைக்கு வராது. அதற்குக் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவதும், மிரட்டல் இருந்தால் போலீஸ் புகார் கொடுப்பதும்தான் வழி.

மனநிலை பற்றிப் பேச நம்மவர்களுக்கு இன்னும் கூச்சம். ஜொகூரில் "தம்போய்" என்று சொன்னாலே சிரிப்பார்கள். பெர்மாய் மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் வந்த வினை அது. தூக்கமில்லை, கை நடுங்குகிறது, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றால், அது ராணுவத்துக்குப் போய்ச் சரிசெய்யும் விஷயமில்லை. உங்கள் வட்டாரத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டரிடம் சொல்லுங்கள். ராத்திரி நேரத்தில் யாரும் இல்லை என்றால் தாலியான் காசே உதவித் தொலைபேசிக்கு அழையுங்கள், எண் 15999; இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். நன்றாகத் தேறிய பிறகு பட்டாளத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

காகிதமும் உடம்பும்

நீல நிற மைகார்டு இல்லாமல் எதுவும் நடக்காது. தோட்டத்தில் பிறந்து, பிறப்புப் பதிவு தாமதமாகி, குடியுரிமை முடிவாகாமல் இருக்கும் பிள்ளைகள் ஜொகூரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தேசியப் பதிவுத்துறை வேலையை இன்றே தொடங்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

எஸ்.பி.எம். சான்றிதழ் இருந்தால் வழி அகலமாகும். 2013 முதல் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் அந்தச் சான்றிதழே கிடைக்கும். இந்த இரண்டில் ஒன்றில் விழுந்தவர்கள் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுதலாம். பள்ளியை விட்டு ஐந்தாண்டு ஆனவனுக்கு அது வெட்கமாக இருக்கும். ஆனால் மலாய் மொழி வேறொரு காரணத்துக்காகவும் தேவை. முகாமில் ஆணை, வகுப்பு, ஆயுத விளக்கம், தேர்வு, திட்டு எல்லாமே மலாயில்தான். தமிழ்ப்பள்ளியில் படித்து, தமிழ் நண்பர்களோடு மட்டும் பழகி, கடைத்தெரு மலாயோடு நிற்கிறவர்கள் முதல் மாதத்தில் திணறிப்போவார்கள். தினமும் ஒரு மலாய்ச் செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள்.

வயது வரம்பு, உயரம், எடை, கல்வித் தகுதி ஆகியவை படைக்குப் படையும் ஆண்டுக்கு ஆண்டும் மாறுகின்றன. கூட்டாளி சொன்னதை நம்பாமல் தரைப்படை, கடற்படை, ஆகாயப்படை ஒவ்வொன்றின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலும் வரும் அறிவிப்பைப் படியுங்கள். மாறாதவை சில: மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், சேரும்போது திருமணம் ஆகியிருக்கக் கூடாது, உடம்பு தேற வேண்டும். மருத்துவர் பார்ப்பது உங்கள் தசையை மட்டும் இல்லை. தட்டைப் பாதம், முட்டி ஒட்டும் கால், நிறக்குருடு, ஆஸ்துமா, காது, சொத்தைப்பல், நரம்புப் புடைப்பு, ஆண்களுக்கு விதைப்பை நரம்பு வீக்கம் வரை பார்ப்பார்கள். சொத்தைப்பல் போன்றவற்றை முன்கூட்டியே அரசாங்கக் கிளினிக்கில் சில வெள்ளி கொடுத்துச் சரிசெய்யலாம். நிறக்குருடு இருக்கிறது என்று முன்பே தெரிந்தால் மனதை வேறு பக்கம் திருப்பலாம்.

ஓட்டத்துக்கு 2.4 கிலோமீட்டரை இலக்காக வையுங்கள். படையில் உடல்தகுதியை அளக்கும் தூரம் அது. முதல் வாரம் பாதி தூரம் ஓடிப் பாதி நடந்தாலும் பரவாயில்லை. சிகரெட்டும் வேப்பும் எவ்வளவு கெடுத்திருக்கின்றன என்பது அந்த முதல் வாரத்தில் தெரியும். தண்டால், வயிற்றுப் பயிற்சி, கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவது ஆகியவற்றுக்கு ஜிம் தேவையில்லை, தாமான் விளையாட்டுத் திடல் போதும். விடியற்காலையில் ஓடுங்கள். உடம்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. விடியற்காலை எழ வேண்டியவன் நள்ளிரவில் கூட்டாளிகளோடு மாமாக் கடையில் உட்கார்ந்திருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்துக்கும் தேர்வுக்கும் கட்டணம் எதுவும் இல்லை. "எனக்கு மேஜரைத் தெரியும், ஐயாயிரம் கொடு, இடம் வாங்கித் தருகிறேன்" என்று வருபவன் எந்த இனத்தவனாக இருந்தாலும், எந்தக் கட்சி அட்டை வைத்திருந்தாலும் ஏமாற்றுக்காரன். அம்மாவின் நகையை அடகு வைக்க விடாதீர்கள்.

நமக்கு அங்கே இடம் உண்டா?

வீட்டில் கேட்கும் கேள்வி இது. நேராகப் பதில் சொல்கிறேன். மலேசியப் படைகளில் இந்தியர்கள் மிகக் குறைவு. 1933-இல் போர்ட்டிக்சனில் தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் காலாட்படையில் சேர விரும்பினால் ரெஞ்சர் ரெஜிமெண்ட் உண்டு. கவசப்படை, பொறியாளர், சமிக்ஞை, மின்-இயந்திரப் பொறியியல், மருத்துவம், தளவாடம் ஆகிய பிரிவுகள் எல்லா இனத்தவருக்கும் திறந்தவை. கடற்படையும் ஆகாயப்படையும் அப்படியே. கைத்தொழிலோடு வெளியே வர விரும்புகிறவர்களுக்கு, என் பார்வையில், மின்-இயந்திரப் பிரிவும் கடற்படையின் தொழில்நுட்பப் பிரிவுகளும் மிக ஏற்றவை. ஆனால் பிரிவை நீங்கள் விரும்பிக் கேட்கலாம்; கொடுப்பது அவர்கள்.

இடமே இல்லை என்று சொல்பவர்களுக்கு ஒரு பெயர் போதும். கே. தனபாலசிங்கம் என்ற தமிழர் 1955-இல் மலாயாக் கடற்படையில் சேர்ந்தார். அதுவரை வெளிநாட்டு அதிகாரிகளின் கையில் இருந்த தலைமைப் பொறுப்பை 1967 டிசம்பரில் முதல் மலேசியராக ஏற்றார். அப்போது அவருக்கு வயது 31. 1976 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அது வேறு காலம் என்று சொல்வீர்கள். உண்மைதான், அவர் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் படித்த அதிகாரி என்பதும் உண்மை. ஆனாலும் இன்று உள்ளே போகும் தமிழ்ப் பையன் யாரும் போகாத இடத்துக்குப் போகவில்லை.

சிறுபான்மையாக இருப்பதன் நடைமுறைச் சங்கடங்களை மறைக்கக் கூடாது. முகாமில் தமிழில் பேச ஆளே இல்லாத நாட்கள் இருக்கும். உணவு ஹலால் சமையலறை உணவு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முதல் நாளே பயிற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும், வெட்கப்பட்டுப் பட்டினி கிடக்கக் கூடாது. சைவம் மட்டுமே என்பவர்களுக்குப் பயிற்சிக் காலம் கடினம். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் வீட்டுக்கு வர முடியும் என்று எந்த ஆண்டும் உறுதி சொல்ல முடியாது.

உள்ளே நடப்பது

தரைப்படைப் புதியவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி போர்ட்டிக்சனில் உள்ள புசாஸ்டாவில். கடற்படைப் புதியவர்களுக்கு நம் மாநிலத்திலேயே: கோத்தா திங்கி மாவட்டத்தில் பெங்கேராங் பக்கம், தஞ்சோங் பெங்கெலேயில் உள்ள கே.டி. சுல்தான் இஸ்மாயில். கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் சாங்கி. ஊர் பக்கம்தானே என்று நினைத்துப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், பயிற்சிக் காலத்தில் தூரத்தை அளப்பது கிலோமீட்டர் இல்லை. கைப்பேசி கையில் இருக்காது, நினைத்த நேரத்தில் வெளியே வர முடியாது. பயிற்சி முடிந்தால் குளுவாங்கின் மக்கோத்தா முகாமும் வரலாம், சபாவின் கிழக்குக் கரையும் வரலாம், 2007-இலிருந்து மலேசியப் படையினர் அமைதி காக்கப் போன லெபனான் போன்ற வெளிநாடும் வரலாம்.

வழி தவறிய வாழ்க்கையிலிருந்து வருகிறவனுக்கு மிகப் பெரிய சோதனை ஓட்டமோ பாரமோ இல்லை. அது முகத்துக்கு முன்னால் கத்தும் ஒரு கோப்ரல்.

தெருவில் வளர்ந்தவனுக்கு முறைப்பு என்றால் சவால். "என்ன பார்க்கிறே?" என்பதில் தொடங்கிய சண்டைகள் எத்தனை பேரை மருத்துவமனைக்கும் கோர்ட்டுக்கும் அனுப்பியிருக்கின்றன என்பது ஜொகூர்த் தாமான்களில் எல்லாருக்கும் தெரியும். அணிவகுப்புத் திடலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "செடியா" என்ற ஆணைக்கு விறைத்து நிற்கும்போது கண் நேராக இருக்க வேண்டும். பயிற்றுநர் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்று, உங்கள் சட்டைப் பொத்தானைப் பற்றிக் கத்துகிறார். எச்சில் தெறிக்கிறது. பக்கத்தில் நிற்பவன் செய்த தவறுக்கும் சேர்த்து எல்லாரும் தண்டால் எடுக்கச் சொல்கிறார். பழைய கூட்டத்தில் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. இங்கே பதில், "யா, கோப்ரல்!" அவ்வளவுதான். கண்ணைக்கூட அசைக்கக் கூடாது.

இதை அடிமைத்தனம் என்று நினைப்பவர்கள் முதல் மாதத்திலேயே முறைத்து, எதிர்த்துப் பேசி, தண்டனை வாங்குவார்கள். பயிற்றுநருக்கு உங்கள் மேல் பகை இல்லை. நேற்று வந்தவனிடமும் இதையேதான் கத்தினார், அடுத்த தொகுதியிலும் கத்துவார். கோபம் வந்த கணத்துக்கும் கை ஓங்கும் கணத்துக்கும் நடுவே ஓர் இடைவெளியை உண்டாக்குவதுதான் அந்தப் பயிற்சியின் உள்நோக்கம். துப்பாக்கியைக் கையில் கொடுக்கப்போகும் ஆளுக்கு அந்த இடைவெளி கட்டாயம் வேண்டும். இதை வீட்டிலேயே பழகலாம். அப்பா திட்டும்போது பதில் சொல்லாமல் முழுவதையும் கேட்டு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போக முடிகிறதா என்று பாருங்கள். இனவசைச் சொல்லோ அடிதடியோ நடந்தால் அது வேறு. அதற்கு மேலதிகாரியிடம் முறையாகப் புகார் சொல்லும் வழி இருக்கிறது, பயன்படுத்துங்கள். கத்தலையும் அநியாயத்தையும் வேறுபடுத்தத் தெரிந்துகொள்வதும் ஒரு படிப்பு.

சேரலாமா என்று இன்னும் தடுமாறுகிறவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு: அஸ்கார் வத்தானியா. 1958-இல் தொடங்கிய தொண்டர் படை இது. வேலைக்குப் போய்க்கொண்டே பயிற்சிக்குப் போகலாம், பயிற்சி நேரத்துக்குப் படித்தொகையும் உண்டு. சீருடையும் ஆணையும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதில் தெரிந்துவிடும். ஸ்கூடாய் யூ.டி.எம்., பாரிட் ராஜா யூ.டி.எச்.எம். போன்ற பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்குப் பாலாப்பெஸ் என்ற சேமப்படை அதிகாரிப் பயிற்சி இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை, அதிகாரி அல்லாத படையினருக்கு எல்.டி.ஏ.டி. என்ற கட்டாயச் சேமிப்பு உண்டு, 1972-இல் அமைந்தது. சம்பளத்தில் 10 விழுக்காடு உங்களிடமிருந்து போகும், அரசாங்கம் 15 விழுக்காடு சேர்க்கும். 21 ஆண்டு சேவை முடித்தவருக்கு ஓய்வூதியம் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் ஏற்பாடு. இருபது வயதில் சேர்ந்தவன் நாற்பத்தொன்றில் ஓய்வூதியத்தோடு வெளியே வந்து இன்னொரு தொழில் தொடங்கலாம். ஓய்வூதிய விதிகள் மாறக்கூடியவை. ஆகவே நீங்கள் சேரும் ஆண்டின் விதியையும் முதல் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதையும் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் பாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்ட கடன் பத்திரங்கள் நம் குடும்பங்களில் போதும்.

தேறாவிட்டால்

தேறாமல் திரும்பும் பிள்ளைகள்தான் அதிகம். ஓராண்டு குடிக்காமல், இழுக்காமல், ஓடிப் பழகி, கடனை அடைத்து, மலாய்ப் பாடத்தை மறுபடி எழுதியவன், நிறக்குருடு என்று ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்பப்படலாம். அன்றைக்கு அவன் பழைய கூட்டத்துக்குத் திரும்புவதற்கான ஆபத்து மிக அதிகம். பெற்றோர்களே, அந்த வாரம் அவனைத் தனியாக விடாதீர்கள். "எனக்கு அப்போதே தெரியும்" என்று சொல்லாதீர்கள். தேர்வுக்குப் போகுமுன்பே அடுத்த வழியை முடிவு செய்து வைத்திருங்கள்: பாசிர் கூடாங்கிலோ பத்து பகாட்டிலோ உள்ள அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையத்தில் கைத்தொழில் படிப்பு, பொம்பா, குடிமைத் தற்காப்புப் படையில் தொண்டு. எஸ்.கே.எம். சான்றிதழோடு வெல்டிங் தெரிந்தவனுக்கு ஜொகூரில் வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த ஓராண்டு ஒழுக்கம் எந்த வேலைக்கும் உதவும், அது வீணாகவில்லை என்று அவனிடம் சொல்லுங்கள், உண்மையாகவே வீணாகவில்லை.

கடைசியாக, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் கூலாயிலும் மாசாயிலும் நீங்கள் இருக்கிறீர்கள். கோயில் திருவிழாவில் வரிசையை ஒழுங்குபடுத்தும்போது உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. உங்கள் தாமானில் இந்த வயதில், இந்த நிலையில் ஒரு பையனாவது இருப்பான். மேடை போட்டுப் பேச வேண்டாம். சனிக்கிழமை விடியற்காலையில் அவனைத் திடலுக்கு வரச் சொல்லி அவனோடு ஓடுங்கள், விண்ணப்பத்தை அவனோடு உட்கார்ந்து நிரப்புங்கள், உங்கள் முதல் மாதம் எப்படி இருந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். இந்தப் புத்தகத்தால் செய்ய முடியாத வேலை அது, உங்களால் முடியும்.